உளவியலாளர்களின் மருந்துப் பரிந்துரை உரிமை (ஐக்கிய அமெரிக்கா)

உளவியலாளர்களின் மருந்துப் பரிந்துரை உரிமை என்பது, மருத்துவப் பட்டம் பெறாத உளவியலாளர்கள் தனிப் பயிற்சி ஒன்றை முடித்த பின்னர், மனநோய்களுக்கான மருந்துகளை எழுதித்தரச் சட்டம் அளிக்கும் அதிகாரம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வதிகாரத்தை நடுவண் அரசு நாடு முழுமைக்குமாக வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றி வழங்குகிறது. 2002 ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோ இத்தகைய சட்டத்தை நிறைவேற்றிய முதல் மாநிலமானது. 2024 ஆம் ஆண்டு முடிய ஏழு மாநிலங்களும், அமெரிக்க ஆட்சிப்பகுதியான குவாமும் இச்சட்டத்தை ஏற்றுள்ளன. இதனால் ஒரே கல்வித் தகுதியும் பயிற்சியும் கொண்ட உளவியலாளர் ஒரு மாநிலத்தில் மருந்து எழுதலாம். எல்லையைக் கடந்து அடுத்த மாநிலத்தில் அதையே செய்தால் சட்டத்தை மீறியவர் ஆவார்.

மனநல மருத்துவர்கள் போதாத பகுதிகளில் நோயாளிகளுக்கு விரைந்து சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது இச்சட்டங்களுக்கான முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. மருத்துவக் கல்வி இல்லாதவர் மருந்து எழுதுவது நோயாளியின் பாதுகாப்பைக் குலைக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் கருத்து. இதுவரை இயற்றப்பட்ட சட்டங்கள் யாவும் இவ்விரண்டுக்கும் இடையில் எட்டப்பட்ட உடன்பாடுகளே.

## உளவியலாளரும் மனநல மருத்துவரும்

இவ்விரு தொழிலினரையும் பொதுமக்கள் ஒன்றாகக் கருதுவதுண்டு. எனினும் இவர்களது கல்வி வேறுபட்டது.

மனநல மருத்துவர் முதலில் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்று மருத்துவப் பட்டம் பெறுகிறார். அதன் பின்னர் பொதுவாக நான்கு ஆண்டுகள் மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி பெறுகிறார். உடல் நோய்களை அறிவதும் மருந்து எழுதுவதும் அவரது அடிப்படைப் பயிற்சியிலேயே அடங்கும்.

சிகிச்சைசார் உளவியலாளர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உளவியல் சோதனைகள், நோய் கண்டறிதல், உளவழிச் சிகிச்சை, ஆராய்ச்சி முறைகள் ஆகியன அவரது பயிற்சியின் மையம் ஆகும். ஓராண்டு பயிற்சிப் பணியும் அதில் உண்டு. ஆனால் உடலியங்கியல், மருந்தியல் போன்ற பாடங்கள் அதில் மிகக் குறைந்த அளவிலேயே இடம்பெறும். ஆகவே பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளர் ஒரு நோயாளிக்கு மனச்சோர்வு உள்ளதெனக் கண்டறியலாம். அதற்கு உளவழிச் சிகிச்சை அளிக்கலாம். மருந்து தேவைப்பட்டால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இத்தகைய அனுப்புதல் சிலருக்கு எளிது. மருத்துவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்கும், முன்பதிவுக்குப் பல வாரங்கள் காத்திருப்பவருக்கும் அது எளிதன்று. மருந்துப் பரிந்துரை உரிமை குறித்த விவாதம் இந்த இடைவெளியிலிருந்தே தொடங்கியது.

## மாநிலங்கள் முடிவு செய்வது ஏன்?

அமெரிக்க அரசியலமைப்பு நடுவண் அரசுக்கென ஒதுக்காத அதிகாரங்களை மாநிலங்களுக்கு விட்டுவைத்துள்ளது. தொழில்களுக்கு உரிமம் வழங்குவது அவற்றுள் ஒன்று. மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாக்கிய மேற்கு வர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என 1889 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் உரிமச் சட்டங்களுக்கு இத்தீர்ப்பு அடித்தளமாக அமைந்தது.

உளவியலாளர் தொழிலை ஒழுங்குபடுத்தும் முதல் சட்டத்தைக் கனெடிகட் மாநிலம் 1945 ஆம் ஆண்டில் இயற்றியது. ஏனைய மாநிலங்கள் படிப்படியாகப் பின்பற்றின. 1977 ஆம் ஆண்டில் மிசூரி இணைந்ததுடன் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. உளவியலாளர் எனத் தம்மை யார் அழைத்துக்கொள்ளலாம், அவர் எவற்றைச் செய்யலாம் என்பதை இச்சட்டங்கள் வரையறுக்கின்றன. எனவே மருந்து எழுதும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டுமாயின் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனது சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நடுவண் அரசுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அடிமைப்படுத்தும் தன்மை காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத, மாநில உரிமத்துடன் நடுவண் போதைமருந்துத் தடுப்பு முகமையில் பதிவும் தேவை.

## வரலாறு

### தொடக்கம்

1984 ஆம் ஆண்டில் ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் டேனியல் இனூயே, அம்மாநில உளவியல் சங்கக் கூட்டத்தில் பேசியபோது, உளவியலாளர்கள் மருந்து எழுதும் உரிமையைக் கோர வேண்டும் என வலியுறுத்தினார். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றிய உளவியலாளர் பேட்ரிக் டிலியோன் இக்கருத்தைத் தொடர்ந்து முன்னெடுத்தார். இவர் பின்னர் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

உளவியலாளர்களிடையே இக்கோரிக்கைக்கு உடனடியாக ஒருமித்த ஆதரவு கிடைக்கவில்லை. மருந்தைச் சாராத சிகிச்சையே தமது தொழிலின் தனித்தன்மை எனக் கருதியோர் பலர் இருந்தனர். நீண்ட விவாதத்தின் பின், 1995 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கம் மருந்துப் பரிந்துரை உரிமையை ஆதரிப்பதைத் தனது கொள்கையாக ஏற்றது.

### படைத்துறைச் சோதனைத் திட்டம்

இதற்கிடையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, நாடாளுமன்றத்தின் பணிப்புரைக்கு ஏற்ப, உளமருந்தியல் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை 1991 ஆம் ஆண்டில் தொடங்கியது. படைகளில் பணியாற்றிய உளவியலாளர்களுக்கு முதலில் வகுப்பறைக் கல்வியும், பின்னர் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. 1997 ஆம் ஆண்டில் முடிவடைந்த இத்திட்டத்தில் மொத்தம் 10 பேர் தேர்ச்சி பெற்றனர்.

இத்திட்டத்தின் முடிவுகளை இரு தரப்பினரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். தேர்ச்சி பெற்றவர்கள் தரமான சிகிச்சை அளித்தனர் என மதிப்பீட்டாளர்கள் கண்டனர். அதே வேளை, உடல்நோய்கள் பற்றிய அறிவில் அவர்கள் மனநல மருத்துவர்களுக்கு இணையாக இல்லை எனவும் குறிப்பிட்டனர். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1997 ஆம் ஆண்டு அறிக்கையில் வேறொரு வினாவை எழுப்பியது. திட்டத்திற்கு ஏறத்தாழ 61 இலட்சம் டாலர் செலவாகியிருந்தது. அதாவது ஒருவருக்கு ஏறத்தாழ 6,10,000 டாலர். இச்செலவுக்கு ஏற்ற தேவை படைத்துறையில் உள்ளதா என அவ்வறிக்கை ஐயம் தெரிவித்தது. பத்துப் பேரின் அனுபவத்தைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவு கூறுவது கடினம் என்பதையும் இங்கு கருத வேண்டும்.

### முதல் சட்டங்கள்

1990களின் இறுதியில் குவாம் ஆட்சிப்பகுதி, மருத்துவருடன் இணைந்து செயற்படும் உளவியலாளர் மருந்து எழுதலாம் எனச் சட்டம் இயற்றியது. மாநிலங்களைப் பொறுத்தவரை முதற்படி நியூ மெக்சிகோவில் எடுக்கப்பட்டது. பரப்பளவில் பெரியதும் மக்கள் அடர்த்தி குறைந்ததுமான இம்மாநிலத்தில், மனநல மருத்துவர்களில் பெரும்பாலோர் சில நகரங்களிலேயே இருந்தனர். ஊரகப் பகுதி மக்களும் பழங்குடி மக்களும் சிகிச்சைக்கு நெடுந்தொலைவு செல்லவேண்டியிருந்தது. 2002 மார்ச் மாதத்தில் ஆளுநர் கேரி ஜான்சன் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

2004 ஆம் ஆண்டில் லூசியானா இரண்டாவது மாநிலமாக இணைந்தது. அங்கு இவ்வுரிமை பெற்றோர் "மருத்துவ உளவியலாளர்" என அழைக்கப்படுகின்றனர். லூசியானாவில் 2009 ஆம் ஆண்டில் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. இவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு உளவியலாளர் வாரியத்திடமிருந்து மருத்துவ வாரியத்திற்கு மாற்றப்பட்டது. தம் தொழிலின் ஒரு பகுதியை மற்றொரு தொழிலினர் ஆளுவதா என உளவியலாளர்களிடையே இது கருத்து வேறுபாட்டை ஏற்படுத்தியது.

### தடுக்கப்பட்ட சட்டங்கள்

லூசியானாவுக்குப் பின் பத்து ஆண்டுகள் வேறு எந்த மாநிலத்திலும் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பல மாநிலங்களில் முன்வரைவுகள் குழு நிலையிலேயே கைவிடப்பட்டன. சட்டமன்றம் ஏற்றவற்றையும் ஆளுநர்கள் தமது தடுப்பதிகாரத்தால் நிறுத்தியதுண்டு. இக்கோரிக்கை பிறந்த ஹவாயில் 2007 ஆம் ஆண்டில் ஆளுநர் லிண்டா லிங்கிள் சட்டத்தைத் தடுத்தார். ஓரிகன் மாநிலத்தில் இது இருமுறை நிகழ்ந்தது. 2010 ஆம் ஆண்டில் ஆளுநர் டெட் குலொங்கொஸ்கியும், 2017 ஆம் ஆண்டில் ஆளுநர் கேட் பிரவுனும் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்களைத் தடுத்தனர்.

### 2014 ஆம் ஆண்டிற்குப் பின்

2014 ஆம் ஆண்டில் இலினொய் இச்சட்டத்தை ஏற்ற மூன்றாவது மாநிலமானது. அதன் பின்னர் மேலும் சில மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின. மாநிலங்களும் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டுகளும் வருமாறு:

* நியூ மெக்சிகோ - 2002
* லூசியானா - 2004
* இலினொய் - 2014
* அயோவா - 2016
* ஐடஹோ - 2017
* கொலராடோ - 2023
* யூட்டா - 2024

சட்டம் இயற்றப்பட்டதும் மருந்து எழுதத் தொடங்கிவிட முடியாது. உரிம வாரியங்கள் விதிகளை வகுக்க வேண்டும். உளவியலாளர்கள் பயிற்சியை முடிக்க வேண்டும். இதற்குச் சில ஆண்டுகள் ஆவது வழக்கம்.

## பயிற்சி

விவரங்கள் மாநிலத்திற்கு மாநிலம் மாறுபட்டாலும், பாதை பெரும்பாலும் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. உளவியலில் முனைவர் பட்டமும், உளவியலாளராகப் பணியாற்றுவதற்கான மாநில உரிமமும் பெற்றிருத்தல்.
2. உளமருந்தியலில் முதுநிலைக் கல்வியை முடித்தல். நரம்பு உடற்கூற்றியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல், உடற்பரிசோதனை, ஆய்வகச் சோதனைகளைப் புரிந்துகொள்ளல் முதலியன இதில் அடங்கும்.
3. மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்துப் பயிற்சி பெறுதல்.
4. உளவியலாளர்களுக்கென அமைந்த தேசிய உளமருந்தியல் தேர்வில் தேர்ச்சி பெறுதல்.
5. சில மாநிலங்களில், முதலில் நிபந்தனையுடன் கூடிய உரிமத்தின் கீழ் மேற்பார்வையில் பணியாற்றிப் பின்னர் முழு உரிமம் பெறுதல்.

நியூ மெக்சிகோவின் சட்டம் 450 மணிநேர வகுப்பறைக் கல்வியையும், 100 நோயாளிகளைக் கொண்ட 400 மணிநேர நேரடிப் பயிற்சியையும் கோரியது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் நிபந்தனை உரிமத்தில் பணியாற்ற வேண்டும். இலினொயின் நிபந்தனைகள் இதைவிடக் கடினமானவை. இளநிலை மட்டத்திலேயே உயிரியல், வேதியியல் சார்ந்த பாடங்களைப் படித்திருக்க வேண்டும். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை மருத்துவம் உள்ளிட்ட ஒன்பது பிரிவுகளில் சுழற்சி முறையில் பயிற்சி பெற வேண்டும். ஒரே உரிமைக்கு இரு மாநிலங்கள் கோரும் தகுதி இவ்வளவு வேறுபடுவது, "எவ்வளவு பயிற்சி போதும்?" என்னும் வினாவுக்கு ஒத்துக்கொண்ட விடை இன்னும் இல்லை என்பதைக் காட்டுகிறது.

## கட்டுப்பாடுகள்

இவ்வுரிமை பெற்ற உளவியலாளர் எல்லா மருந்துகளையும் எழுத முடியாது. மனநோய்களுக்கான மருந்துகளையும் அவற்றோடு தொடர்புடைய ஆய்வகச் சோதனைகளையும் மட்டுமே அவர் பரிந்துரைக்கலாம். நீரிழிவுக்கோ தொற்றுக்கோ அவர் மருந்து எழுத இயலாது.

பொதுவான மற்றொரு கட்டுப்பாடு, நோயாளியின் உடல்நலத்தைக் கவனிக்கும் பொதுமருத்துவருடன் கலந்து செயற்படவேண்டும் என்பதாகும். மனநோய் மருந்துகள் உடலின் பிற உறுப்புகளையும் தாக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக, இருமுனையப் பிறழ்வுக்கு அளிக்கப்படும் லித்தியம் இரத்தத்தில் சிறிதளவு கூடினாலும் நச்சாக மாறும். சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் அது பாதிக்கலாம். மனச்சிதைவுக்கு அளிக்கப்படும் குளோசபின் சிலருக்கு இரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இவற்றைப் பயன்படுத்துவோருக்கு இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

2014 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலினொய்ச் சட்டம் நோயாளிகளையே வரையறுத்தது. 17 வயதுக்குக் குறைந்தோர், 65 வயதைக் கடந்தோர், கருவுற்ற பெண்கள், இதயநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற கடும் உடல்நோய் உடையோர், வளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு உளவியலாளர் மருந்து எழுதக்கூடாது என அது விதித்தது. மருத்துவர் ஒருவருடன் எழுத்துவடிவில் ஒப்பந்தமும் கோரியது. மருந்தின் பக்கவிளைவுகளால் மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடிய பிரிவினர் இவ்வாறு விலக்கப்பட்டனர். ஆயினும் மனநல மருத்துவர் மிக அரிதாகக் கிடைக்கும் பிரிவினருள் சிறுவர்களும் அடங்குவர். எனவே பாதுகாப்புக்கென விதிக்கப்பட்ட வரம்பு, சட்டம் உதவ எண்ணியவர்களில் ஒரு பகுதியினரையே வெளியே நிறுத்திவிட்டது என ஆதரவாளர்கள் குறை கூறுகின்றனர்.

## ஆதரவு வாதங்கள்

* மருத்துவர் பற்றாக்குறை: அமெரிக்காவின் ஊரக மாவட்டங்கள் பலவற்றில் ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை.
* இன்றைய நடைமுறை: மனநோய் மருந்துகளில் பெரும்பகுதியை ஏற்கனவே பொதுமருத்துவர்களே எழுதுகின்றனர். அவர்களுக்கு உடல் பற்றிய அறிவு மிகுதி. ஆனால் மனநோய்களைக் கண்டறிவதில் உளவியலாளருக்கு உள்ள நீண்ட பயிற்சி அவர்களுக்கு இல்லை.
* பிற தொழிலினர்: பல் மருத்துவர்கள், கண்பார்வை அளவையாளர்கள், உயர்நிலைச் செவிலியர்கள் ஆகியோரும் மருத்துவப் பட்டம் இன்றியே தத்தம் துறைக்குரிய மருந்துகளை எழுதுகின்றனர்.
* மருந்தை நிறுத்தும் அதிகாரம்: மருந்து எழுத உரிமை உள்ளவரே அதைக் குறைக்கவும் நிறுத்தவும் முடியும். உளவழிச் சிகிச்சையையும் அறிந்த ஒருவர், தேவையற்ற மருந்துகளைக் குறைக்க வாய்ப்புண்டு.

## எதிர்ப்பு வாதங்கள்

அமெரிக்க மருத்துவச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் இச்சட்டங்களை எதிர்க்கின்றன. மனநல மருத்துவச் சங்கமும் உளவியல் சங்கமும் ஆங்கிலத்தில் ஏ.பி.ஏ. என்னும் ஒரே சுருக்கப் பெயரைக் கொண்டவை. ஆகவே இவ்விவாதம் பற்றிய செய்திகளைப் படிப்போர் எச்சங்கம் எனக் கவனித்தல் வேண்டும்.

* பயிற்சிக் குறைவு: மருத்துவக் கல்வியும் உறைவிடப் பயிற்சியும் அளிக்கும் அனுபவத்தைச் சில நூறு மணிநேர வகுப்புகள் ஈடுசெய்யா.
* உடல்நோய்களைத் தவறவிடல்: தைராய்டுக் குறைபாடு, மூளைக்கட்டி போன்றவை மனநோய் போலவே தோன்றக்கூடும். மேலும் மனநோய் உடையோரில் பலர் பிற நோய்களுக்கும் மருந்து உட்கொள்வதால் மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரியலாம்.
* பற்றாக்குறை தீராது: உளவியலாளர்களும் நகரங்களிலேயே மிகுந்துள்ளனர். உரிமை பெற்றவர் ஊரகத்திற்குச் செல்வார் என்பதற்கு உறுதி இல்லை.
* மாற்று வழிகள்: தொலைமருத்துவம், பொதுமருத்துவருக்கு மனநல மருத்துவர் ஆலோசனை வழங்கும் கூட்டுச் சிகிச்சை ஆகியவற்றை வளர்ப்பது பாதுகாப்பானது.

எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து மட்டும் வருவதன்று. உளவியலாளர்களில் ஒரு பிரிவினரும் இதனை எதிர்த்துத் தனி அமைப்பு நடத்துகின்றனர். மருந்து எழுதும் வசதி வந்தபின், நேரம் மிகுதியாகத் தேவைப்படும் உளவழிச் சிகிச்சை புறக்கணிக்கப்படும் என இவர்களில் சிலர் அஞ்சுகின்றனர். மனநல மருத்துவத்திலேயே அம்மாற்றம் நிகழ்ந்துவிட்டதை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

## ஆய்வுகளும் அவற்றின் வரம்புகளும்

சட்டத்தை ஏற்ற மாநிலங்களை ஏற்காத மாநிலங்களுடன் ஒப்பிட்டு ஆய்வு செய்யும் வாய்ப்பு இச்சட்டங்களால் கிடைத்துள்ளது. நியூ மெக்சிகோ, லூசியானா ஆகிய மாநிலங்களில் சட்டத்திற்குப் பின் தற்கொலை இறப்பு வீதம், சட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடக் குறைந்தது எனப் பொருளியலாளர்கள் சிலர் 2020களில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

எனினும் இம்முடிவைக் கவனத்துடன் கொள்ள வேண்டும். இரண்டே மாநிலங்கள் ஆய்வுக்கு உட்பட்டன. உரிமை பெற்ற உளவியலாளர்களின் தொகையும் மிகச் சிறியது. தற்கொலை வீதத்தைப் பொருளாதார நிலை, மருத்துவக் காப்புறுதி எனப் பல காரணிகள் பாதிக்கின்றன. மறுபுறம், எதிர்ப்பாளர்கள் முன்னுரைத்த பெருந்தீங்கு நிகழ்ந்ததற்கான சான்றும் வெளிவரவில்லை. முறையீடுகள் குறைவாக இருப்பது மட்டும் பாதுகாப்பை மெய்ப்பிக்காது என அவர்கள் மறுமொழி கூறுகின்றனர்.

## மாநில எல்லைக்கு அப்பால்

மாநிலச் சட்டங்களின் விளைவு அம்மாநிலங்களோடு முடிவதில்லை. நடுவண் அரசின் நிறுவனங்களில் பணியாற்றுவோர் பொதுவாக ஏதேனும் ஒரு மாநிலத்தின் உரிமத்தைக் கொண்டிருந்தால் போதும். ஆகவே நியூ மெக்சிகோ அல்லது லூசியானாவில் உரிமம் பெற்ற உளவியலாளர்கள் பிற மாநிலங்களில் அமைந்துள்ள படைத்துறை மருத்துவமனைகளிலும், பழங்குடி மக்களுக்கான நடுவண் நலப்பணியிலும் மருந்து எழுதுகின்றனர். இதனால், உரிமை மறுக்கப்பட்ட ஒரு மாநிலத்தில், படைத்தளத்தின் வேலிக்கு உள்ளே அனுமதிக்கப்படும் செயல் வேலிக்கு வெளியே தடைசெய்யப்பட்டதாக உள்ளது.

உரிமை பெற்றோர் நாட்டின் உளவியலாளர்களில் இன்றளவும் மிகச் சிறிய விழுக்காட்டினரே ஆவர். நீண்ட கூடுதல் கல்வி, அதற்காகும் செலவு, மேற்பார்வையிட முன்வரும் மருத்துவரைக் கண்டறிவதில் உள்ள கடினம் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் சட்டம் நிறைவேறியது என்னும் செய்தி, அங்குள்ள நோயாளிக்கு உடனே மருந்து கிடைக்கும் என்பதைக் குறிக்காது. பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே பணியாற்றுகின்றனர், எந்த நோயாளிகளை ஏற்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அச்சட்டத்தின் பயன் அமையும்.